அணைக்கரைக்குப் போன மதிலும் என் வீட்டு முன்னறையும்

சென்ற மாதம் பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டில் பழைய அலுவலக நண்பர் ஒருவரைப் பார்த்தேன். ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறதாம். டீக்கடையில் நின்று பேசிக்கொண்டிருந்தோம்.

"கிராஜுவிட்டி பணம் வந்துடுச்சு சார். வீட்டுத் தளம் ஒழுகுது. அதைச் சரி பண்ணி, பின்னாடி ரெண்டு ரூம் எடுத்துடலாம்னு இருக்கேன். உங்களுக்குத் தெரிஞ்ச நல்ல காண்ட்ராக்டர் யாராவது இருந்தா சொல்லுங்களேன்" என்றார்.

"பேரு கேட்டு ஆள் பிடிச்சுத்தான் சார் நான் ஒரு தடவை கெட்டேன். பேரு வேண்டாம், எப்படி விசாரிக்கிறதுன்னு வேணா சொல்றேன்" என்றேன். சொல்ல ஆரம்பிப்பதற்குள் அவருடைய அரியலூர் பஸ் வந்துவிட்டது. அவரிடம் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன். நம் வயதுக்காரர்கள் பலருக்கும் கையில் மொத்தமாகப் பணம் வருவது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அது பெரும்பாலும் வீட்டு வேலையில்தான் போகிறது. ஆகையால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நம் வட்டாரத்துப் பழைய கதை ஒன்றிலிருந்து தொடங்கினால் விஷயம் விளங்கும்.

ஜெயங்கொண்டம் பக்கம் கங்கைகொண்ட சோழபுரம் கோயிலுக்குப் போகாதவர் நம்மில் இருக்க மாட்டார்கள். ராஜேந்திர சோழன் கட்டிய அந்த விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம். அதன் பெருமைக்கு ஏற்ற சுற்று மதில் முழுதாக இல்லையே, அது எங்கே போயிற்று என்று பலரும் கேட்பதில்லை. அதன் கற்கள் போன இடம் அங்கிருந்து அதிக தூரமில்லை. கொள்ளிடத்தின் குறுக்கே 1836இல் ஆர்தர் காட்டன் காலத்தில் கீழணை கட்டினார்களே, நாம் அணைக்கரை என்கிறோமே, அந்த வேலைக்குக் கல் வேண்டியிருந்தது. கோயில் மதிலைப் பிரித்துக் கொண்டுபோனார்கள். சிற்பக் கற்களும் போயின.

அந்த நூற்றாண்டிலேயே எழுதப்பட்ட ஓர் ஆங்கிலக் குறிப்பு இதைப் பதிந்து வைத்திருக்கிறது. ஊர் ஜனங்கள் தங்களால் ஆன மட்டும் தடுத்துப் பார்த்தார்கள்; தடுத்தவர்களுக்குத் தண்டனைதான் கிடைத்தது. கடைசியில் ஒரு சமாதானம் சொன்னார்கள்: பிரித்த கல் மதிலுக்குப் பதில் செங்கல் மதில் கட்டித் தருகிறோம் என்று. அந்தச் செங்கல் மதில் கட்டப்படவே இல்லை. இதையும் அந்த வெள்ளைக்காரக் குறிப்பே வருத்தத்தோடு சொல்கிறது.

கீழணையால் எத்தனையோ ஆயிரம் ஏக்கர் பாசனம் பெற்றது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. என் கண்ணில் படுவது அந்த மதில் வாக்குறுதி. சரக்கு கைக்கு வந்து, வேலையும் முடிந்துபோன ஒருவரிடம், "சொன்னதைச் செய்யுங்கள்" என்று கேட்க ஊர்க்காரர்களிடம் என்ன பிடி இருந்தது? ஒன்றும் இல்லை. நம் வீட்டு வேலைக்கு ஆள் வைக்கும்போதும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான். பணம் அவர் கைக்குப் போன பிறகு நம் கையில் என்ன பிடி இருக்கும்?

நம் முன்னோர்கள் இந்தக் கேள்வியை அறியாதவர்கள் இல்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டு பற்றிப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். முதலாம் பராந்தகன் காலத்தது. 919, 921 ஆகிய ஆண்டுகளில் செய்த ஏற்பாடு. குடவோலை முறை, தேர்தல் என்று மட்டும் அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அந்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். கரை போடுவது, தூர் வாருவது, மதகு பார்ப்பது எல்லாம் அதன் வேலை. இன்றைய பேச்சில் சொன்னால் மராமத்து வேலை. அந்தப் பொறுப்புக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்று கல்லில் வெட்டி வைத்தார்கள்.

வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் சொந்தமாக இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக்கொண்டு குடியிருக்க வேண்டும். வயது முப்பத்தைந்துக்குக் குறையக் கூடாது, எழுபதுக்கு மேற்படக் கூடாது. முன்பு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் வரக் கூடாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் வரக் கூடாது.

இதில் சில விதிகள் அந்தக் காலத்துச் சமூகத்துக்கு உரியவை, இன்றைக்கு ஒவ்வாதவை. ஆனால் இரண்டு விஷயத்தைப் பாருங்கள். சொந்த வீடு இருக்கிறதா என்று பார்த்தார்கள். அதாவது ஊரை விட்டு ஓடிப்போக முடியாத ஆளா என்று பார்த்தார்கள். முந்தின வேலைக்குக் கணக்குக் காட்டினாரா என்று பார்த்தார்கள். இனிமேல் என்ன செய்வேன் என்று சொல்வதைக் கேட்டு முடிவு செய்யவில்லை. இதற்கு முன் என்ன செய்தார் என்பதைக் கேட்டு முடிவு செய்தார்கள்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலும் வேலை செய்தவர் பெயர் இருக்கிறது. வீரசோழன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன் என்று தலைமைச் சிற்பியின் பெயரை வெட்டியிருக்கிறார்கள். கட்டினவர் இன்னார் என்று ஊருக்குத் தெரிவது அவருக்குப் பெருமை. கட்டடம் சரிந்தால் அதே பெயருக்குத்தானே இழுக்கு? ஆகையால் அது ஒரு பிடியும்தான்.

கல்வெட்டு இல்லாத சாதாரண வீடுகளுக்கு ஊரே பிடியாக இருந்தது. நான் பிறந்தது குன்னம் பக்கத்தில் ஒரு கிராமம். எங்கள் பாட்டனார் வீட்டை மெத்தை வீடாக மாற்றியது 1940களில். நான் பிறப்பதற்கு முன்பு. கட்டிய கொத்தனாரை அவருடைய கடைசிக் காலத்தில் நான் பார்த்திருக்கிறேன். இரண்டு தெரு தள்ளித்தான் அவர் வீடு.

இன்றைய பிள்ளைகளுக்கு மெத்தை வீடு எப்படிக் கட்டினார்கள் என்பது தெரியாது. சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் சுண்ணாம்புக் கல்லுக்குப் பஞ்சமில்லை. காளவாயில் சுட்டு, நீற்றி, மணலோடு சேர்த்து, மாடு பூட்டிய கல் உருளையால் வட்டக் காடியில் அரைப்பார்கள். தேக்கு விட்டங்களின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துவாட்டில் சுண்ணாம்பு வைத்து அடுக்குவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக்கொண்டே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். தட்டத் தட்ட அது இறுகும். கடைசியில் தட்டோடு பாவி வாட்டம் பார்ப்பார்கள்.

இந்த வேலையில் ஒளிவு மறைவுக்கு இடம் குறைவு. சுண்ணாம்பு எத்தனை நாள் அரைத்தது என்பது தெருவுக்கே தெரியும். விட்டத்தில் வெடிப்பு இருந்தால் அண்ணாந்து பார்த்தால் தெரியும். வீட்டுக்காரர் கட்டில் போட்டு உட்கார்ந்து தினமும் பார்த்துக்கொண்டிருப்பார். எல்லாவற்றுக்கும் மேல், கொத்தனாரும் அந்த ஊரிலேயே இருந்தார். அடுத்த வீட்டுக்கு அவரைக் கூப்பிடுவதா வேண்டாமா என்பது முந்தின வீட்டுக் கூரையைப் பொறுத்தது.

என் பாட்டி சொல்வார்கள். வீடு கட்டி முடித்த வருஷம் ஐப்பசியில் அடைமழை பிடித்ததாம். விடியும் முன்பே அந்தக் கொத்தனார் கோணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து திண்ணையில் நின்றாராம். "என்ன கொத்தனாரே, இந்த மழையில?" என்று பாட்டனார் கேட்டதற்கு, "ராத்திரி பூரா தூக்கமில்லீங்க. எங்கயாவது சொட்டுதான்னு பாத்துட்டுப் போயிடறேன்" என்றாராம். ஒவ்வொரு அறையாக அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் போனாராம். யாரும் கூப்பிடவில்லை.

அப்படியெல்லாம் எல்லாக் கொத்தனார்களும் இருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். அந்தக் காலத்திலும் ஏமாற்றுக்காரர்கள் உண்டு. ஆனால் ஏமாற்றினவர் அதே ஊரில் முகத்தைக் காட்டிக்கொண்டு வாழ வேண்டியிருந்தது.

வெளியூர் ஆளை வைத்து வேலை வாங்குவது எப்படி என்று காகிதத்தில் யோசித்தவர்கள் வெள்ளைக்காரர்கள். 1850களில் டல்ஹௌசி காலத்தில் பொதுப்பணித் துறை தனி இலாகாவாக வந்தது. நம் ஜனங்கள் அதை மராமத்து இலாகா என்றார்கள். முகம் தெரியாத காண்ட்ராக்டரிடம் வேலை கொடுக்க வேண்டும். ஊர்க் கட்டுப்பாடு என்ற பிடி அங்கே கிடையாது. அதற்குப் பதிலாகக் காலப்போக்கில் காகிதப் பிடிகளை உண்டாக்கினார்கள். டெண்டரோடு முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும். முன் செய்த வேலைகளுக்குச் சான்று காட்டிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். எந்த வகுப்பில் பதிவோ அந்த மதிப்புக்குள்தான் வேலை. செய்த வேலையை அளந்து எம்-புக்கில் எழுதிய பிறகுதான் பில். ஒவ்வொரு பில்லிலும் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, வேலை முடிந்து குறிப்பிட்ட காலம் கழித்துத்தான் திருப்பிக் கொடுப்பார்கள். தமிழ்நாட்டில் 1998இல் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் என்று தனிச் சட்டமே வந்தது.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. ஓர் அரசு அலுவலகத்தில் டெண்டர் பிரிவிலும் கணக்குப் பிரிவிலுமாக முப்பது வருஷம் இருந்தவன். டிமாண்ட் டிராப்ட் ஒரு நாள் பிந்தியதற்காக டெண்டரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எம்-புக்கில் ஓர் அடித்தல் திருத்தலுக்குக் கையெழுத்து இல்லையென்றால் பில்லை நிறுத்தியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் என் சொந்த வீட்டுக்கு என்ன செய்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதற்கு முன் சிமெண்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1939இல் டால்மியாபுரத்தில் சிமெண்ட் ஆலை வந்தது. அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை 1979இல். அதன் பிறகு தனியார் ஆலைகள் வரிசையாக வந்தன. நம் சுண்ணாம்புக் கல் காளவாய்க்குப் போவது நின்று ஆலைக்குப் போக ஆரம்பித்தது. ஆலை நம் ஊரில் இருந்தும் நமக்கு சிமெண்ட் சுலபத்தில் கிடைக்கவில்லை. பெர்மிட் காலம் உங்களுக்கு நினைவிருக்கும். தாலுக்கா ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டு, பத்து மூட்டைக்கு மாதக்கணக்கில் நடந்தோம். 1982இல் பாதிக் கட்டுப்பாடு போயிற்று, 1989இல் முழுதும் போயிற்று. அதற்குப் பிறகுதான் ஊர் ஊராகக் கான்கிரீட் வீடுகள் எழும்பின.

சுண்ணாம்பு போய் கான்கிரீட் வந்ததில் வீடு கட்டுவது விரைவாயிற்று. ஆனால் வீட்டுக்காரர் கண்ணுக்கு மறைவும் வந்தது. கம்பி எத்தனை, எந்த இடைவெளியில் கட்டினார்கள், அடியில் கவர் பிளாக் வைத்தார்களா, மூட்டைக்கு எத்தனை சட்டி மணல் போட்டார்கள், தண்ணீர் எவ்வளவு ஊற்றினார்கள் என்பதெல்லாம் தளம் போட்ட அன்று மாலையோடு உள்ளே புதைந்துவிடுகிறது. பூச்சு பூசி வெள்ளையடித்தால் நல்ல வேலையும் மோசமான வேலையும் ஒரே மாதிரி இருக்கும். வித்தியாசம் தெரிவதற்கு ஒரு கோடையும் ஒரு மழையும் வேண்டும்.

1995இல் பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனது. ஆபீஸ்கள் வந்தன, குடியிருப்புகள் வந்தன, மனைப் பிரிவுகள் வந்தன. நேற்று வரை கரணை பிடித்தவர்கள் இன்று காண்ட்ராக்டர் ஆனார்கள். கரணையே பிடிக்காதவர்களும் ஆனார்கள். நான் அப்போதுதான் மனை வாங்கி இரண்டறை ஓட்டு வீட்டில் குடிபுகுந்திருந்தேன். 1998இல் முன்பக்கம் ஓர் அறையும் போர்ட்டிகோவும் கான்கிரீட்டில் எடுக்க முடிவு செய்தேன். பி.எஃப். கடன் போட்டேன்.

உடன் வேலை பார்த்தவர் ஒருவர் ஓர் ஆளைச் சொன்னார். "நம்ம ஆளு சார், நம்பிக் குடுக்கலாம்." அவ்வளவுதான் என் விசாரணை. வெளி மாவட்டத்துக்காரர், நன்றாகப் பேசுவார். அம்மா அன்றைக்கே சொன்னார்கள், "அவரு கட்டின வீடு ஒண்ணு ரெண்டு போய்ப் பாத்துட்டு வாயேன்டா" என்று. "ஆபீஸ்ல தெரிஞ்சவர் சொன்ன ஆளும்மா" என்றேன். பாட்டனார் வீட்டுக் கொத்தனார் கதையைத் தன் மாமியார் சொல்லக் கேட்டவர்கள் அம்மா. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

"சிமெண்ட் விலை ஏறப்போவுது சார், மொத்தமா வாங்கிப் போட்டுடலாம்" என்று சொல்லி முக்கால் பங்கு பணத்தை அஸ்திவாரத்திலேயே வாங்கிக்கொண்டார். ரசீது கேட்கத் தோன்றவில்லை. காகிதமும் எழுதவில்லை. பிறகு வேலை நொண்டியது. நான்கு மாதத்தில் முடிக்க வேண்டியதைப் பத்து மாதத்தில் ஒருவழியாக முடித்தார்.

எங்கள் மனை கரிசல் மண். நம் மாவட்டத்துக்காரர்களுக்குக் கரிசலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மழையில் உப்பும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதில் வானம் தோண்டும்போது வெடிப்பு இறங்கும் ஆழத்துக்கும் கீழே போக வேண்டும். தோண்டிய கரிசலையே திரும்பக் கொட்டக் கூடாது, மணலோ கிராவலோ போட வேண்டும். பேஸ்மட்டத்தில் சுற்றிலும் பெல்ட் கான்கிரீட் ஓட வேண்டும். மண் மிக மோசமாக இருந்தால் அண்டர்-ரீம்டு பைல் வரைக்கும் போக வேண்டும். பழைய சுவரோடு புதுச் சுவரைச் சேர்க்கும்போது இரண்டும் ஒரே மாதிரி இறங்காது என்பதையும் யோசிக்க வேண்டும். எங்கள் காண்ட்ராக்டர் அதுவரை ஆற்றுப்படுகை ஊர்களில் வேலை செய்தவர். இரண்டரை அடி தோண்டி, அதே மண்ணைக் கொட்டி மூடிவிட்டார். கேட்கத் தெரிந்த நான் ஆபீஸில் இருந்தேன்.

முதல் கோடையில் பழைய சுவருக்கும் புது அறைக்கும் நடுவே மேலிருந்து கீழ் வரை பிளந்தது. நாலணாக் காசு நுழைகிற அளவு. ஐப்பசியில் அந்தப் பிளவு வழியாகவும், வாட்டம் சரியில்லாத தளத்தின் வழியாகவும் தண்ணீர் இறங்கியது. அந்த அறை அம்மாவுக்காகக் கட்டியது. அவர்கள் கட்டில் நனைந்தது. பழைய கூடத்துக்கே திரும்பிப் போய்விட்டார்கள். காண்ட்ராக்டர் வீட்டுக்குப் போன் போட்டால் "வெளியூர் போயிருக்காரு" என்று ஒரு பெண் குரல் வரும். நேரில் தேடிப் போனேன். வாடகை வீடு, காலி செய்துவிட்டுப் போயிருந்தார்.

சுவரைத் தாங்கிப் பிடித்து, தளத்தைச் செப்பனிட்டு முடிக்க இன்னொரு கடன், அதற்கு மனைவியின் சங்கிலி. அம்மா 2003இல் காலமானார்கள். அதுவரை அந்த அறையில் ஒரு ராத்திரிகூடப் படுக்கவில்லை. என்னைக் குறை சொல்லவும் இல்லை.

என்னைப் போன்ற தனி ஆளுக்கு இப்படி. பெரிய அளவில் என்ன நடக்கும் என்பதை 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் பார்த்தோம். கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் மழையின்போது அப்படியே உட்கார்ந்தது. 61 பேர் இறந்தார்கள். பலர் ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கூலி வேலைக்கு வந்தவர்கள். பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். பணம் கட்டியிருந்தவர்கள் எல்லாம் படித்தவர்கள்தான்.

சட்டத்தில் இன்று என்ன பிடி இருக்கிறது என்று கேட்கலாம். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016இல் வந்தது. கட்டமைப்பில் குறை தெரிந்தால் ஐந்து வருஷம் வரைக்கும் கட்டி விற்றவர் பொறுப்பு என்கிறது. ஆனால் அது அடுக்குமாடி போன்ற பெரிய திட்டங்களுக்கு. நம் மனையில் நாம் வைக்கிற காண்ட்ராக்டருக்கு அது பொருந்தாது. நமக்கு இருப்பது நுகர்வோர் சட்டம். வீடு கட்டித் தருவதும் ஒரு சேவைதான் என்று 1993இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதே ஆண்டு உச்ச நீதிமன்றமும் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் அதைச் சொன்னது. இப்போதுள்ள 2019 சட்டத்திலும் அது தொடர்கிறது. மாவட்ட ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். ஆனால் ரசீது, ஒப்பந்தம், போட்டோ எதுவும் இல்லாமல் போனால் என்னத்தைக் காட்டுவது? வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் சட்டப்படி செல்லும், நிரூபிப்பதுதான் கஷ்டம்.

இன்னொன்று. 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி மனைக்குள், 3,500 சதுர அடிக்கு மேற்படாத வீடுகளுக்குச் சுயசான்று முறை வந்திருக்கிறது. அலைச்சல் குறைந்தது நல்லதுதான். ஆனால் ஓர் அதிகாரி முன்கூட்டி வந்து பார்ப்பார் என்ற எண்ணம் இனி வேண்டாம். பார்க்க வேண்டியவர் நாம்தான்.

2021இல் எங்கள் வீட்டில் சமையலறை, குளியலறை, தளம் மூன்றையும் புதுப்பித்தோம். இந்தத் தடவை அலுவலகத்துக்குச் செய்த விசாரணையை வீட்டுக்கும் செய்தேன். செய்ததைச் சொல்கிறேன்.

மூன்று பேரிடம் எஸ்டிமேட் வாங்கினேன். சதுர அடி ரேட் மட்டும் சொன்னவரை விட்டுவிட்டேன். என்ன கம்பி, என்ன சிமெண்ட், எத்தனை அங்குலத் தளம், என்ன டைல்ஸ், எது என் செலவு, எது அவர் செலவு என்று எழுதிக் கொடுத்தவர்களை வைத்துக்கொண்டேன். ஒருவர் மற்ற இருவரையும்விட ரொம்பக் குறைவாகச் சொன்னார். எதில் குறைப்பார் என்று கேட்டேன். பதில் வரவில்லை.

அடுத்து, அவர்கள் கட்டிய வீடுகளைப் பார்த்தேன். புதிதாக வெள்ளையடித்த வீட்டைத்தான் காட்டுவார்கள். நான் மூன்று நான்கு வருஷம் ஆன வீட்டைக் கேட்டேன். ஐப்பசியில் மழை பெய்த மறுநாள் போனேன். குளியலறைச் சுவரின் மறுபக்கம் ஓதம் ஏறியிருக்கிறதா, ஜன்னல் மூலையில் கீறல் இருக்கிறதா, மொட்டை மாடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பார்த்தேன். வீட்டுக்கார அம்மாக்களிடம் கேட்டால் நிஜம் வரும். ஒருவர், "வேலை சுத்தமுங்க. ஆனா ரெண்டு மாசம் இழுத்துட்டாரு. கூப்ட்டா வருவாரு, மூணாவது தடவை கூப்ட்டா" என்றார். அந்த ஆளைத்தான் கடைசியில் வைத்தேன்.

வைக்கும் முன் இன்னும் இரண்டு இடத்தில் விசாரித்தேன். ஒன்று, அவர் கம்பியும் சிமெண்டும் வாங்குகிற கடை. பாக்கி நிற்கிறதா என்று ஜாடையாகக் கேட்டேன். கடையில் பெரிய பாக்கி வைத்திருப்பவர் நம் பணத்தை வாங்கி அந்தப் பள்ளத்தைத்தான் மூடுவார். இரண்டு, அவரிடம் வேலை செய்கிற சித்தாள் பெண்கள். சனிக்கிழமை கூலி சனிக்கிழமையே வருகிறதா என்று கேட்டேன். "வந்துடுங்கய்யா" என்றார்கள். கூலியைப் பிடித்து வைக்கிற ஆள் வேலையையும் பாதியில் பிடித்து வைப்பார்.

அவருடைய சொந்த வீட்டுக்கும் போனேன். உத்திரமேரூர்க்காரர்கள் கேட்டதுதான். துறைமங்கலம் பக்கம் சொந்த மனையில் சின்ன வீடு. தளத்தில் ஒழுகல் இல்லை.

முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதினோம். முன்பணம் கொஞ்சம்தான். மீதி, ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகு, பேங்க் வழியாக. கான்கிரீட் போடும் முன் கம்பியை என்னிடம் காட்ட வேண்டும். நான் போட்டோ எடுத்துக்கொள்வேன். தெரிந்த இன்ஜினியர் ஒருவருக்குச் சிறு கட்டணம் கொடுத்து அன்றைக்கு வரவழைத்தேன். அந்தக் கட்டணம்தான் என் வாழ்க்கையில் நான் செய்த மிகப் பயனுள்ள செலவு. தளத்துக்குத் தண்ணீர் கட்டுவது குறைந்தது பத்து நாள் என்று எழுதினோம். இப்போது கடையில் கிடைக்கிற சிமெண்டில் பெரும்பாலும் சாம்பல் கலந்திருக்கும், அதற்கு அத்தனை நாள் வேண்டும்.

கடைசி நிபந்தனைக்குத்தான் அவர் தயங்கினார். மொத்தத்தில் ஒரு சிறு பகுதியை அடுத்த மழைக்காலம் முடிந்த பிறகு தருவேன் என்றேன். "என் மேல நம்பிக்கை இல்லீங்களா சார்?" என்றார். "நம்பிக்கை இருக்கறதாலதான் உங்களை வச்சிருக்கேன். இது மழைக்கு வச்ச பணம்" என்றேன். இரண்டு நாள் கழித்து, தொகையைக் கொஞ்சம் குறைத்துச் சம்மதித்தார். நான் அவருக்கு ஒன்றைச் செய்தேன். கட்டம் முடிந்த அன்றைக்கே பணம் போட்டேன். பிடி நம் கையில் மட்டும் இருந்தால் போதாது. அவருக்கும் நம் மேல் நம்பிக்கை வர வேண்டும். வீட்டுக்காரர்கள் கடைசி பில்லை ஏமாற்றுவதும் ஊரில் நடக்காத விஷயமில்லை.

அந்த வருஷம் நம் பக்கம் நல்ல மழை. குளியலறை மூலையில் ஒரு சாண் அகலத்துக்கு ஓதம் தெரிந்தது. போன் செய்தேன். அந்த அம்மா சொன்னபடியே மூன்றாவது தடவை கூப்பிட்டபோது வந்தார். டைல்ஸ் இரண்டைப் பெயர்த்து, பைப் இணைப்பைச் சரி செய்துவிட்டு, தைக்குப் பிறகு மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார். அதோடு சரி, இன்று வரை சொட்டவில்லை.

நண்பருக்கு இதுதான் பதில். அவர் இதைப் படிப்பார் என்று நினைக்கிறேன். பின்பக்கம் எடுக்கப்போகும் இரண்டு அறையும் கரிசலில்தான் நிற்கப்போகின்றன. யாரை வைத்தாலும் முதலில், "வானம் எத்தனை அடி தோண்டுவீங்க, எதைக் கொட்டி மூடுவீங்க?" என்று கேளுங்கள். பதிலைக் கேட்டுக்கொண்டு, அவர் கட்டிய பழைய வீடு ஒன்றுக்கு ஐப்பசி மழையில் குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.